காளவாசல் பெரியம்மா

ஸ்ரீவில்லிபுத்தூர் விடுதிப் பள்ளியில் ஒரே கூடத்தில் பாய் விரித்துப் படுத்தவர்களில், இன்னும் உயிரோடு இருப்பது நாம் நான்கு பேர்தான் என்று நினைக்கிறேன். உங்களில் ஒருத்திக்குக் காது கேட்கவில்லை. ஒருத்தி மகன் வீட்டை விட்டு வெளியே வருவதில்லை. எனக்கு முழங்கால். கோயிலில் தரையில் உட்கார முடியாமல் பெஞ்சில் உட்கார்ந்து பிரசங்கம் கேட்கிறேன். போன ஞாயிறு, புதிதாக வந்திருக்கும் இளம் குருவானவர் அன்பைப் பற்றிப் பேசினார். கடவுள் நம்மிடம் காட்டிய அன்பை நாம் ஒருவருக்கொருவர் காட்ட வேண்டும் என்றார். சரியாகத்தான் சொன்னார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். தூங்குகிறேன் என்று நினைத்துப் பக்கத்தில் இருந்தவள் தட்டினாள். தூங்கவில்லை. இதே பிரசங்கத்தை என் அப்பா இராஜபாளையத்தில் ஓர் ஓலைக் கூரைக்குக் கீழே சொன்னதையும், அந்த வருஷம் எங்கள் வீட்டில் நடந்ததையும் நினைத்துக்கொண்டிருந்தேன். அதை உங்கள் மூன்று பேரிடமும் சொல்லியாக வேண்டும். கை வலிக்கிறது. விட்டு விட்டுத்தான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

அப்பா அங்கே உபதேசியார். குருவானவர் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்தார். மாதத்துக்கு ஒருமுறை மாட்டு வண்டியில் வந்து நற்கருணை கொடுத்துவிட்டுப் போவார். மற்றபடி ஜெபம் நடத்துவது, பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பது, கல்யாணத்துக்கும் சாவுக்கும் போய் நிற்பது எல்லாம் அப்பாதான். சபையில் இருபது குடும்பம் இருந்தால் அதிகம். ஜெபவீட்டுக்கு மண் சுவர். மழைக்காலத்தில் நனைந்த ஓலை வாசனையோடு சனங்களின் ஈரத்துணி வாசனையும் சேர்ந்துகொள்ளும். மணி வாங்க வழியில்லாமல், வண்டிச் சக்கரத்தின் இரும்புப் பட்டை ஒன்றைப் பூவரச மரத்தில் கட்டித் தொங்கவிட்டிருந்தோம். அதைத் தட்டுவது என் வேலை. தட்டினால் சத்தம் பல்லுக்குள் வந்து இறங்கும். எனக்கு ஒன்பது வயது. தம்பிக்கு இரண்டு. அவன் காலில் தண்டை போட்டிருந்தது. எந்த மூலையில் இருக்கிறான் என்று திரும்பிப் பார்க்காமலே தெரிந்துவிடும். எங்கள் தெருவுக்கு மேற்கே தெலுங்கு பேசுகிறவர்கள் இருந்தார்கள். அவர்கள் வீட்டுப் பெண்கள் அவனை “பாபு, இட்ரா” என்று கூப்பிட்டு வெல்லம் கொடுப்பார்கள். அவனும் தண்டை குலுங்க ஓடுவான்.

ஊருக்குக் கிழக்கே ஒரு சுண்ணாம்புக் காளவாசல் இருந்தது. கல்லையும் விறகையும் மாற்றி மாற்றி அடுக்கி நாள்கணக்கில் எரியவிடுவார்கள். அங்கே கல் சுமந்துகொண்டிருந்த பெண் ஒருத்தியிடம் அப்பா முதன்முதலில் பேசியபோது நானும் கூட இருந்தேன். கடவுள் உன்மேல் அன்பாக இருக்கிறார் என்று அப்பா சொன்னார். அவள் தலைச் சுமையை இறக்காமலே நின்றாள்.

“என்னையவா?”

“ஒன்னையத்தாம்மா.”

“எதப் பாத்து?”

“எதையும் பாத்து இல்ல. அவரு அப்படித்தான்.”

அவள் சிரித்தாள். புருவத்தில் இருந்த வெள்ளைத் தூள் உதிர்ந்தது. “அப்படியும் ஒருத்தரு இருக்காரா? வந்து கேக்குதேன்” என்று சொல்லிவிட்டுச் சுமையோடு நடந்தாள்.

சொன்னபடி வந்தாள். ஒரு வருஷத்தில் ஞானஸ்நானமும் எடுத்தாள். புருஷன் செத்துவிட்டான், இரண்டு பிள்ளைகளும் ஒரே வாரத்தில் போய்விட்டன என்பதற்கு மேல் அவளைப் பற்றி யாருக்கும் தெரியாது. கேட்கவும் இல்லை. ஞானஸ்நானத்தில் அவளுக்கு வைத்த நல்ல பெயரை அப்பாவையும் அம்மாவையும் தவிர ஒருவரும் சொன்னதில்லை. சபையாருக்கு அவள் சுண்ணாம்புக்காரி. ஜெபவீட்டில் பின்சுவர் ஓரமாக அவளுக்கென்று ஒரு கிழிந்த பாய் கிடந்தது. அதை அங்கே யார் போட்டது என்று தெரியாது. யாரும் எடுத்து முன்னால் போடவும் இல்லை. ஞானஸ்நானத்தில் பழைய பெயரை விட்டவர்களுக்கும் பழைய தெருவை விட மனம் வரவில்லை. எனக்கும் அப்போது அது தவறாகத் தெரியவில்லை. அவள் மேல் அடிக்கும் சுண்ணாம்புக் காந்தல் எனக்குத் தும்மல் வரவழைக்கும். அவள் பக்கத்தில் உட்கார வேண்டியிருக்கவில்லை என்பதில் எனக்கு நிம்மதிதான்.

ஆவணியில் அசனம் வந்தது. அசனம் என்றால் உங்களுக்குத் தெரியும், வருஷத்தில் ஒருநாள் சபை முழுவதும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவது. அன்று காலை அப்பா நன்றாகப் பிரசங்கம் செய்தார். நாம் யாரும் யோக்கியமாக இருந்து கடவுள் நம்மைத் தேடி வரவில்லை, ஆகவே நாமும் ஆள் பார்த்து அன்பு காட்டக் கூடாது என்றார். இரண்டு மூன்று பேர் கண்ணைத் துடைத்தார்கள். பிறகு பூவரச மரத்தடியில் இலை போட்டார்கள். பெண்கள் பந்தியின் கடைசியில் ஓர் இடம் காலியாக இருந்தது. சுண்ணாம்புக்காரி தலைக்குக் குளித்து, ஈரம் காயாத முடியோடு வந்து அங்கே உட்கார்ந்தாள்.

பக்கத்து இலையில் தையல்காரர் வீட்டு அம்மாள் இருந்தாள். சோறு விழுந்த இலையை அப்படியே விட்டுவிட்டு எழுந்தாள். அடுத்தவள் எழுந்தாள். அதற்கடுத்து மூன்று பேர். ஆண்கள் பந்தியிலும் தலைகள் திரும்பின. அப்பா கையில் சாம்பார் வாளியோடு நின்றார். அவர் முகம் வேர்த்திருந்தது. எல்லோரும் எழுந்து போய்விட்டால் சபையே உடைந்துவிடும் என்று அவருக்குப் பயம். அவள் முன்னால் குனிந்து மெதுவாகச் சொன்னார்.

“ஏம்மா, அடுப்படியில ஆள் காணாது. செத்த நேரம் ஒத்தாசை பண்ணுதியா? பொறவு சாப்பிடலாம்.”

அவள் அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள். “சரிங்கய்யா” என்று எழுந்து போனாள். தண்ணீர் சுமந்தாள், அண்டாக்களைத் தேய்த்தாள். சாயங்காலம் அவள் கிளம்பும்போது அம்மா ஓலைப்பெட்டியில் சோறு கட்டிக்கொண்டு பின்னாலேயே ஓடினாள். வாங்க மாட்டாள் என்று நினைத்தோம். வாங்கிக்கொண்டாள்.

“பசிக்குதும்மா. கோவத்துக்குப் பட்டினி கெடந்தா நாளைக்கு ஆரு கல்லு செமக்கது?” என்றாள்.

அடுத்த ஞாயிறும் அதே பாயில் வந்து உட்கார்ந்தாள். அன்று அப்பா பிரசங்கத்தைப் பாதியில் முடித்துவிட்டார்.

புரட்டாசிச் சனிக்கிழமைகளில் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்துத் திருவண்ணாமலைக் குன்றில் இருக்கும் பெருமாளைப் பார்க்கப் போகும் வண்டிகள் ஓய்ந்தன. ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. மழையோடு வாந்திபேதி வந்தது. எங்கள் தெருவில் முதலில் விழுந்தது தம்பிதான். விடியற்காலையில் ஆரம்பித்து மத்தியானத்துக்குள் அவன் கண் குழி விழுந்துவிட்டது. அப்பா மழையில் ஓடிப்போய் ஒரு சீசா மருந்து வாங்கி வந்தார். மருந்து கொடுத்தவர், பேதி நிற்கும்வரை ஒரு சொட்டுத் தண்ணீர் கொடுக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பியிருந்தார். அந்தக் காலத்தில் படித்தவர்களும் அப்படித்தான் நம்பினார்கள். இன்றைக்கு நமக்குத் தெரிகிறது. அன்று அப்பா அந்த வார்த்தையை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். தண்ணீர்ப் பானையை வெளியே தூக்கி வைத்துவிட்டார். தம்பி “தண்ணி, தண்ணி” என்று கேட்டான். பிறகு உதடு மட்டும் அசைந்தது. சாயங்காலம் அம்மாவுக்கும் ஆரம்பித்தது.

யாரும் வரவில்லை. தையல்காரர் வீட்டுக் கதவு எங்கள் வீட்டுக்கு நேர் எதிரே. அது சாத்தியே கிடந்தது. ஜன்னல் இடுக்கில் ஒரு கண் தெரிந்ததை நான் பார்த்தேன். அவர்களைக் குற்றம் சொல்ல இப்போது எனக்குத் தெம்பு இல்லை. அவர்களுக்கும் பிள்ளைகள் இருந்தார்கள்.

மறுநாள் காலை தம்பி அசையவில்லை. அப்பா அவனை மடியில் வைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்தார். அம்மாவுக்கு நினைவு வந்து வந்து போனது. எனக்கும் வயிற்றைப் பிசைய ஆரம்பித்திருந்தது. அப்போதுதான் வாசலில் சுண்ணாம்புக்காரி வந்து நின்றாள். தலையில் ஒரு கூடைச் சுண்ணாம்பு, அதன்மேல் மழைக்கு ஓலை மூடியிருந்தது. கூப்பிடாமலே உள்ளே வந்தாள். தம்பியின் முகத்தைப் பார்த்தாள், அம்மாவின் கையைத் தொட்டுப் பார்த்தாள்.

“தண்ணி குடுத்தியளா?”

“குடுக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காவ” என்றார் அப்பா.

“எம் பிள்ளைக ரெண்டும் தண்ணி தண்ணின்னு கேட்டுத்தான் செத்துதுக. நானும் அன்னைக்கி ஒருத்தரு பேச்சக் கேட்டுக்கிட்டு ஒக்காந்திருந்தேன். தள்ளுங்க.”

அப்பா தம்பியைக் கீழே கிடத்திவிட்டு எழுந்து, மருந்துச் சீசாவைக் கையில் பிடித்தபடி அம்மாவுக்கு முன்னால் வழிமறித்து நின்றார். “வேண்டாம்மா. இருக்கறதும் போயிரும்.”

“தண்ணி இல்லாமயும் போவாவ அய்யா. குடிச்சிட்டுப் போவட்டும்.”

அவள் அப்பாவை ஒரு கையால் விலக்கினாள். அவர் விலகினார். சீசா கையிலிருந்து விழுந்து உடைந்தது. அவள் அடுப்பைப் பற்றவைத்து, ஒரு பிடி நொய்யரிசியைப் போட்டுக் கொதிக்கவைத்து, கஞ்சித் தண்ணீரில் உப்புப் போட்டு ஆற்றினாள். தேங்காய்ச் சிரட்டையில் மொண்டு சொட்டுச் சொட்டாக அம்மாவின் வாயில் விட்டாள். அம்மா அதைக் கக்கினாள். அவள் துடைத்துவிட்டு மறுபடியும் விட்டாள். எத்தனை தடவை என்று எனக்குத் தெரியாது. நடுவில் என்னையும் மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். சுண்ணாம்பில் வெடித்த அவள் விரல் என் உதட்டில் பட்டு எரிந்தது. தும்மக்கூட எனக்குத் தெம்பில்லை.

அம்மாவுக்குக் கொஞ்சம் தேறியதும், அவளும் அப்பாவும் தம்பியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். குழி வெட்டியது அவள்தான். அப்பாவால் மண்வெட்டியைப் பிடிக்க முடியவில்லையாம். தண்டைகளைக் கழற்ற வேண்டாம் என்று அப்பா சொல்லிவிட்டார். குழிக்குள் சுண்ணாம்பு தூவி மூடினார்கள். வீட்டுக்குத் திரும்பி வந்த அப்பா கொல்லைப்புறத்தில் போய், வெளியே தூக்கி வைத்திருந்த அந்தத் தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் மழையில் உட்கார்ந்துவிட்டார். அவள் போய் அவரை எழுப்பி வந்தாள். “நானும் இப்படித்தான் ஒக்காந்திருந்தேன் அய்யா. எந்திரிங்க, உள்ள ரெண்டு பேரு கெடக்காவ” என்று மட்டும் சொன்னாள். தம்பி தாகத்தோடு போனதைப் பற்றி எங்கள் வீட்டில் அதற்குப் பிறகு யாரும் வாய் திறக்கவில்லை.

ஆறு நாள் எங்களோடு இருந்தாள். அவள் இனிமையானவள் என்று நினைத்துவிடாதீர்கள். எரிந்து விழுவாள். கஞ்சியைத் துப்பினால் தொடையில் ஒன்று வைப்பாள். ஏழாம் நாள் எதிர்வீட்டுத் தையல்காரர் தெருவில் நின்று அழுதார். அவர் மனைவி படுத்துவிட்டாள். சுண்ணாம்புக்காரி சிரட்டையை எடுத்து மடியில் சொருகிக்கொண்டு கிளம்பினாள்.

நான் அவள் சேலையைப் பிடித்தேன். “அவியதான ஒங்களப் பந்தியில விட்டுட்டு எந்திரிச்சுப் போனவிய?”

“ஆமா.”

“பொறவு எதுக்குப் போறீய?”

அவள் வாசல்படியில் உட்கார்ந்துவிட்டாள். ஆறு நாள் தூங்காத கண். “எனக்கும் போகப் பிடிக்கல பிள்ள. ஒடம்பு அம்புட்டு அசதியா இருக்கு. அவளப் பாத்தா எரிச்சலாவும் இருக்கு.” கொஞ்ச நேரம் முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். “ஆனா என்னையப் பிடிச்சுப்போயா சாமி என்னைத் தேடி வந்தாரு? ஒங்க அய்யா சொன்னாவள்லா, எதையும் பாத்து வரலன்னு. அது எனக்குள்ள கெடந்து உறுத்துது. வாங்கிக்கிட்டுச் சும்மா இருக்க முடியல.”

“அப்பாவே அன்னைக்கி ஒங்கள எழுப்பி விட்டாவளே” என்றேன்.

“அவிய செஞ்சது தப்பு. சொன்னது நெசம்” என்று சொல்லி எழுந்து தெருவைக் கடந்தாள்.

உள்ளே சுவர் ஓரமாக அப்பா இருந்தார். அவருக்குக் கேட்டிருக்கும்.

தையல்காரர் வீட்டு அம்மாள் பிழைத்தாள். அந்த வருஷக் கிறிஸ்துமஸ் சாப்பாட்டில் அவளே சுண்ணாம்புக்காரியின் கையைப் பிடித்து இழுத்துத் தன் பக்கத்தில் உட்காரவைத்தாள். அப்பா அந்த இலைக்கு முதலில் பரிமாறினார். அன்றைக்கு ஆறு குடும்பம் எழுந்து போனது. அதில் நான்கு திரும்பி வரவே இல்லை. அப்பா அவர்களைத் தடுக்கவில்லை. அவருக்கு நாற்பது வயதுதான். அந்த மார்கழிக்குப் பிறகு அவர் கிழவரைப் போல நடந்தார். பிரசங்கங்களும் சின்னதாகிவிட்டன.

அம்மா எழுந்து நடமாடத் தொடங்கிய அன்று என்னைக் கூப்பிட்டாள். “இனிமே அவியள அப்படி இப்படின்னு சொல்லக் கூடாது. பெரியம்மான்னு கூப்பிடணும். நான் அவியளுக்குத் தங்கச்சி.” அன்று முதல் எனக்கு அவள் பெரியம்மா. வேலை முடிந்து போகும்போது எங்கள் வீட்டில் உட்கார்ந்து ஒரு வாய் கஞ்சி குடித்துவிட்டுப் போவாள். என் தலையில் பேன் பார்ப்பாள். அப்போதும் எனக்குத் தும்மல் வரும். ஆனால் மடியிலிருந்து எழ மாட்டேன்.

அடுத்த ஆனியில் என்னை ஸ்ரீவில்லிபுத்தூர் விடுதியில் சேர்த்தார்கள். அந்த முதல் மாதங்கள் உங்களுக்கும் நினைவிருக்கும். உங்களில் வாத்தியார் மகள்கள், குமாஸ்தா மகள்கள், சொந்தத்தில் குருவானவர் இருக்கிறவர்கள் எல்லாம் இருந்தீர்கள். யாருடைய வீட்டிலிருந்து யார் பார்க்க வருகிறார்கள், என்ன சேலை கட்டி வருகிறார்கள் என்பதுதான் நமக்குச் சனிக்கிழமைப் பேச்சு. எனக்கு இரண்டு பாவாடை. அதில் ஒன்று ஒட்டுப்போட்டது. நான் வாயை மூடிக்கொண்டு எல்லோர் மாதிரியும் இருக்கப் பழகிக்கொண்டிருந்தேன்.

ஒரு சனிக்கிழமை வெயில் உச்சிக்கு வந்த நேரம் வாசலில் பெரியம்மா நின்றாள். இராஜபாளையத்திலிருந்து நடந்தே வந்திருந்தாள். தையல்காரர் வீட்டு அம்மாள் தைத்துக் கொடுத்த வெள்ளை ரவிக்கை போட்டிருந்தாள். அதுவும் வேர்வையில் நனைந்து, கழுத்தோரம் சுண்ணாம்புத் தூள் கரைந்து கோடு கோடாக இறங்கியிருந்தது. கையில் ஒரு பெட்டி. அம்மா செய்து கொடுத்த கருப்பட்டி மாவுருண்டை. என்னைப் பார்த்ததும் “பிள்ள” என்று இரண்டு கையையும் நீட்டினாள்.

நீங்கள் எல்லோரும் என் பின்னால் வந்து நின்றீர்கள். “யாருட்டி அது?” என்று உங்களில் ஒருத்தி கேட்டாள். விடுதி அம்மாளும் வராந்தாவிலிருந்து எட்டிப் பார்த்தார்.

“எங்க வீட்டு வேலைக்காரி” என்றேன் நான்.

நீட்டிய கைகள் காற்றில் ஒரு கணம் நின்றன. பிறகு அவள் பெட்டியை என் கையில் தராமல் குனிந்து தரையில் வைத்தாள். ஓர் அடி பின்னால் நகர்ந்து நின்றாள்.

“அம்மா குடுத்துவிட்டாவ சின்னம்மா. நல்லா இருக்கியளான்னு கேட்டுட்டு வரச் சொன்னாவ” என்றாள்.

அவள் என்னை ‘சின்னம்மா’ என்று கூப்பிட்டது அன்று ஒருநாள்தான். விடுதி அம்மாள் நல்லவர். வெயிலில் வந்திருக்கிறாளே என்று தண்ணீர் கொடுக்கச் சொன்னார். வேலைக்காரி என்று சொல்லிவிட்டேன் அல்லவா, அதனால் செம்பைக் கொடுக்காமல் கையில் ஊற்றச் சொன்னார். நான்தான் ஊற்றினேன். அவள் குனிந்து உள்ளங்கையைக் குவித்துக் குடித்தாள். போதும் என்று தலையை அசைத்துவிட்டு, “வாரேன் சின்னம்மா” என்று கிளம்பிப் போனாள். மாவுருண்டை நன்றாக இருப்பதாக நீங்கள் எல்லோரும் சொன்னீர்கள். நான் ஒன்றும் தின்னவில்லை. வயிறு சரியில்லை என்று சொன்னதாக ஞாபகம்.

கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வீட்டுக்குப் போனேன். அம்மா என்னைக் கண்டதும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அழுதாள். தெரிந்துவிட்டது என்று நினைத்தேன்.

“பெரியம்மா வந்து எல்லாத்தையும் சொன்னா ஏட்டி” என்றாள் அம்மா. “அம்புட்டுப் பெரிய வீட்டுப் பிள்ளைக முன்னால நீ ஓடிவந்து அவளக் கட்டிப் பிடிச்சுக்கிட்டியாமே. எங்க பெரியம்மான்னு எல்லார்கிட்டயும் சொன்னியாமே. சொல்லிச் சொல்லி அழுதா.”

அப்பா நிமிர்ந்து பார்த்தார். தம்பி போன பிறகு அவர் முகத்தில் நான் சிரிப்பைப் பார்த்தது அன்றுதான். “நான் சொன்னத நீயாவது செஞ்சியே தாயி” என்றார்.

மறுநாள் விடிந்ததும் காளவாசலுக்கு ஓடினேன். அடுப்பு அணைந்து கிடந்தது. கல் கிடைக்கவில்லை என்று முதலாளி ஆட்களை ஆலங்குளம் பக்கம் கூட்டிப்போய்ப் பத்து நாள் ஆகிறது என்று காவல்காரர் சொன்னார். அடுத்த வருஷம் அப்பாவை வேறு ஊருக்கு மாற்றினார்கள். பெரியம்மாவை நான் பிறகு பார்க்கவில்லை. விசாரித்தேன். விசாரிக்க வேண்டிய அளவுக்கு விசாரித்தேனா என்று கேட்டால், இல்லை.

அம்மா சாகும்வரை அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். என் கல்யாணத்தில் சொன்னாள், என் பிள்ளைகளிடம் சொன்னாள். நான் ஒருமுறையும் மறுக்கவில்லை. உங்களில் யாராவது அன்றைய நாளை மறந்திருந்தாலும் பரவாயில்லை, நானே சொல்லிவிடுகிறேன். நான் ஓடவில்லை. கட்டிப் பிடிக்கவும் இல்லை. நின்ற இடத்திலேயே நின்று, அவள் தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.